அல்கொன்குவின் ஏரிகளில் கெவ்லார் கனூ: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கெவ்லார் என்ற பாரம் குறைந்த, உறுதியான செயற்கை இழையால் செய்த பழைய 16 அடி கனூ (துடுப்பு வள்ளம்) ஒன்றை வாங்கி, சில வருடங்களாக ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவில் ஓட்டுகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வள்ளத்தைச் சுமந்து நடக்கப் போகிறீர்களா, இல்லையா?

அங்கே துடுப்புப் போடுவது பாதி வேலைதான். 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்பு, எண்ணி முடியாத ஏரிகள், ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகப் பல இடங்களில் வள்ளத்தைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். போர்ட்டேஜ் என்பார்கள். கனூ ஏரியிலிருந்து ஜோ ஏரிக்கு 300 மீற்றர்கூட இல்லை, எந்த வள்ளத்தோடும் சமாளிக்கலாம். உள்ளே போகப் போக ஒன்று, இரண்டு கிலோமீற்றர் என்று ஏற்றமும் வேரும் சேறுமாக வரும், அப்போதுதான் 40 இறாத்தலுக்கும் 70 இறாத்தலுக்கும் உள்ள வித்தியாசம் கழுத்துக்குத் தெரியும். என்னுடையது 40ஐக் கொஞ்சம் தாண்டும். உதவிக்கு ஆள் இல்லாமலே தூக்கிப் போட்டுக்கொள்கிறேன். தோளில் அமரும் நுகக்கட்டை மட்டும் வெறும் மரம், அதற்கு மெத்தை வாங்கிப் பூட்டிய பிறகுதான் நிம்மதி.

சரி, குறைகள். பாறையில் லேசாக உரசினாலே வெள்ளைக் கோடு விழும். வெளிப்பூச்சோடு நின்றுவிடுகிறது, இதுவரை ஓட்டை இல்லை, ஆனாலும் கரையில் இழுத்து ஏற்ற மனம் வராது. தரை தட்டுமுன்னே தண்ணீரில் இறங்கிவிட வேண்டும், பனி உருகி அதிக நாளாகாத மே மாதத்தில் அது கால் விறைக்கிற வேலை. வெயிலும் கெவ்லாருக்கு ஆகாது. மஞ்சள் நிறம் இப்போது தேன் நிறமாகிவிட்டது, வீட்டில் நிழலில்தான் வைக்கிறேன்.

பெரிய தொல்லை காற்று. பாரம் குறைந்த வள்ளம் என்பதால் முன்பக்கத்தைச் சுழற்றி எடுத்துவிடும். தனியாகப் போனால் முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, பொதியை எதிர்முனைக்குத் தள்ளினால் ஓரளவு அடங்கும். பூங்காவிலேயே பெரிய ஏரியான ஒப்பியோங்கோவில் விடியற்காலையிலேயே கடந்துவிடுவேன், மதியத்துக்குமேல் அலை எழும்பினால் விளையாட்டில்லை. உயிர்காப்பு அங்கியைச் சட்டத்துக்காக வள்ளத்துக்குள் போட்டு வைத்தால் போதாது, போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுச் சாமானிலும் ஒரு கட்டுப்பாடு: உட்காட்டுக்குள் ரின்னும் போத்தலும் கொண்டுபோகத் தடை. மீன் ரின்னை நம்பி முகாம் போடும் எங்கள் ஆட்களுக்கு இது பெரிய இழப்பு! கருவாடும் இடிசம்பலும் பையில் கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் இரவில் எல்லாவற்றையும் கரடிக்கு எட்டாமல் மரத்தில் தூக்கிக் கட்ட வேண்டும். மே, ஜூனில் கறுப்பு ஈ காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் வரவைக்கும், அப்புறம் நுளம்பு. செப்டம்பரில் இரண்டும் அநேகமாக இராது, நான் அதற்காகவே விடுமுறையைச் சேர்த்து வைக்கிறேன்.

ஒரே ஏரியில் கூடாரம் போட்டு, பிள்ளைகளோடு சுற்றி வருகிறவர்களுக்குக் கெவ்லார் வீண் செலவு. அடிபட்டாலும் கவலைப்படத் தேவையில்லாத பிளாஸ்ரிக் கனூ அவர்களுக்குப் போதும்.