கடன் தருவதற்கு முன் துட்டு கேட்கிறார்களா? நெல்லைப் பக்கம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை

கல்லூரி பீஸ் கட்டும் காலம் வந்தாலே வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரே விளம்பரம்: "24 மணி நேரத்தில் கல்விக்கடன். சிபில் தேவையில்லை. ஜாமீன் தேவையில்லை." (சிபில் என்பது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் மதிப்பெண்.) இதில் சிக்கிய ஒரு மாணவியின் கணக்கை முதலில் பாருங்கள். பாளையங்கோட்டையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அம்மா பீடி சுற்றுகிறார். கேட்ட கடன் 3 லட்சம்.

முதல் நாள் "பைல் சார்ஜ்" 2,500 ரூபாய். மறுநாள் ஒரு பெரிய வங்கியின் முத்திரையோடு சேங்ஷன் லெட்டர் வந்தது. "மேடம், உங்க பைல் அப்ரூவ் ஆயிடுச்சு, இன்சூரன்ஸ் மட்டும் கட்டிட்டா இன்னைக்கே கிரெடிட் ஆயிடும்" என்று சொல்லி 6,800. அதைக் கட்டியதும் ஜிஎஸ்டி என்று 5,400. நான்காவதாக "ஆர்பிஐ கிளியரன்ஸ்" என்று கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது. அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. போனது 14,700. கடன் ஒரு ரூபாய்கூட வரவில்லை. அந்த 6,800 ஒரு லோன் ஆப்பிலிருந்து எடுத்தது. 5,400 தண்டலுக்கு, அதாவது தினமும் வசூலிக்கும் கடனாக, வாங்கியது. கடன் வாங்குவதற்காக வாங்கிய இந்தக் கடன்கள்தான் இன்று அந்த வீட்டை நெருக்குகின்றன.

அந்த லெட்டரை நிதானமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எந்தக் கிளை என்றே இல்லை. முத்திரை எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது போல மங்கல். அப்பா பெயரில் எழுத்துப்பிழை. எல்லாவற்றையும்விட, க்யூஆரை ஸ்கேன் செய்தபோது திரையில் வந்தது வங்கியின் பெயரல்ல, யாரோ ஒரு தனிமனிதரின் பெயர். பின் நம்பர் போடும் முன் அந்த ஒரு வரியை வாசியுங்கள். தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கட்டியாகிவிட்டது என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். துட்டு அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் போனது போனதுதான்.

உண்மையான கல்விக்கடன் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் போலியை ஒரே போனில் கண்டுபிடித்துவிடலாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை நம் கையிலிருந்து பங்குத்தொகை போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது, பெற்றோர் கூட்டுக்கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். உள்நாட்டுப் படிப்புக்குப் ப்ராசஸிங் பீஸ் கிடையாது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை அவகாசம். பீஸ் பணம் உங்கள் கைக்கு வராது, வங்கியே கல்லூரிக்கு அனுப்பும். விண்ணப்பம் வித்யாலட்சுமி தளத்தில். கலந்தாய்வில் வந்த சீட் என்றால் சிக்கல் குறைவு. மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் வங்கிக்கு வங்கி முடிவு மாறும்.

அட்மிஷன் கடிதம், கல்லூரி தரும் பீஸ் விவரம், மார்க் ஷீட் நகல்கள், உங்கள், பெற்றோரின் ஆதார், பான், வருமானச் சான்று, பெற்றோரின் ஆறு மாத பாஸ்புக் பக்கங்கள்: இவை கையில் இருந்தால் எந்த ஏஜென்ட்டும் வேண்டாம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் தகுதியானதாக இருந்தால், படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் உண்டு. அந்த வருமானச் சான்றைக் கிளையில் கொடுத்து, வட்டி மானியத்துக்கு உங்கள் பெயர் ஏறியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமல் விட்டுப் படிப்பு முடியும்போது வட்டியோடு சேர்ந்த தொகையைப் பார்த்து மலைப்பவர்கள் ஏராளம்.

கிளையில் வாய்வார்த்தையாக "முடியாது" என்று திருப்பி அனுப்பினால் கிளம்பி வந்துவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "உங்க ஊர் எங்க ஏரியா இல்லை" என்று மட்டும் சொல்லிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது. அடுத்தது மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும், திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேன்; தகவலுக்கு 14448. கிளைகள் ஏழைப் பிள்ளைகளை அலைக்கழிப்பதால்தான் இந்தப் புரோக்கர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

இனி லோன் ஆப். திரையில் 5,000 என்று காட்டும். கைக்கு வருவது 3,250. மீதி 1,750 "சர்வீஸ் சார்ஜ்". ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். நம்மூர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு ஏறக்குறைய 54 ரூபாய் வட்டி, அதுவும் வாரத்துக்கு. பத்து வட்டிக்காரர்கூட நூற்றுக்குப் பத்து ரூபாய் மாதத்துக்குத்தான் கேட்பார். கட்ட முடியாவிட்டால் "எக்ஸ்டென்ஷன்" பொத்தான் வரும்: 1,750 கட்டினால் இன்னும் ஏழு நாள். நான்கு தடவை அதை அமுக்கினால் 7,000 கட்டியிருப்பீர்கள். அசல் 5,000 அப்படியே நிற்கும். அந்த நேரம் பார்த்து வேறொரு ஆப்பின் லிங்க் வரும், "இதில் எடுத்து அதை அடையுங்கள்" என்று. இரண்டும் ஒரே கும்பலாகக்கூட இருக்கும்.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் 2022-லிருந்து இருக்கின்றன. கடன் தரும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்குப் பணம் வர வேண்டும். ஒப்புக்கொள்ளும் முன்னே எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதத்தோடு முக்கிய விவரத் தாள் தர வேண்டும். போனிலுள்ள நம்பர்கள், கேலரி, கால் விவரம் எதையும் தொடக் கூடாது. நிறுவனங்கள் பயன்படுத்தும் ஆப்களின் பட்டியல் 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கி இணையதளத்திலேயே இருக்கிறது. இன்ஸ்டால் செய்ததும் "கான்டாக்ட்ஸ் அனுமதி" கேட்கிறது என்றால் அது கடன் கொடுக்க வந்ததல்ல, உங்கள் மானத்தை அடகு வாங்க வந்தது.

ஏற்கெனவே சிக்கியிருந்தால் செய்ய வேண்டிய வரிசை முக்கியம். ஆப்பை முதலில் அழித்துவிடாதீர்கள். கடன் தொகை, தேதி, நிறுவனப் பெயர் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு கட்டினீர்கள் என்று வங்கி ஸ்டேட்மென்ட்டை இறக்கி வையுங்கள். அதன்பின் செட்டிங்ஸில் அனுமதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, யுபிஐ ஆப்பிலும் வங்கி ஆப்பிலும் ஆட்டோ பே (தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) இருக்கிறதா என்று பார்த்து ரத்து செய்துவிட்டு, கடைசியாக ஆப்பை நீக்குங்கள். ஏற்கெனவே அவர்களிடம் போன நம்பர்கள் திரும்ப வராது. ஆகவே மிரட்டல் தொடங்கும் முன்னே நீங்களே உறவினர்களுக்கும் வகுப்புக் குழுவுக்கும் ஒரு செய்தி போட்டுவிடுங்கள்: "என் போன் விவரங்கள் திருடப்பட்டுள்ளன. என் பெயரில் படமோ, பணம் கேட்டோ வந்தால் பதில் போட வேண்டாம். நம்பரோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள்." மிரட்டலின் பலம் முழுவதும் நீங்கள் ஒளிப்பதில் இருக்கிறது.

கைக்கு வந்த தொகையை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால், மேலே கேட்பதைக் கட்டுவதால் தொல்லை நிற்காது. மிரட்டினால் கட்டுகிறவர் என்று குறித்துக்கொண்டு திரும்ப வருவார்கள். படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்பினால் 1930 அல்லது தேசிய சைபர் குற்றத் தளம். பெண்கள் அங்கே பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். பிள்ளைகளே, மாற்றிய படத்தால் அவமானம் உங்களுக்கு அல்ல. மனசு ரொம்பக் கனத்துப் போனால் உதவி எண்கள் 104 அல்லது 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தால் நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

தண்டலைப் பலர் சின்ன வட்டி என்று நினைக்கிறார்கள். 10,000 என்று எழுதி 8,500 கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள். 1,500 வட்டி, மூன்று மாதத்துக்கு மேல், அப்படியானால் ஐந்து வட்டிதானே என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் பாதித் தொகையைத்தான் அனுபவிக்கிறீர்கள். ஆகவே உண்மையில் அது பத்து வட்டி, ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீதம். ஈடில்லாத கடனுக்குச் சட்டம் அனுமதிப்பது ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது ஒரு வட்டி. போனுக்கு "வெறும் 10 சதவீதம்" என்று தவணை போடும் கடையிலும் இதே கணக்குதான்: 30,000-க்கு மாதம் 2,750 வீதம் பன்னிரண்டு மாதம் என்றால் உண்மை வட்டி 18 சதவீதம்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மிரட்டுவது, பொருளைத் தூக்கிப் போவது போன்ற கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் சட்டம் கைகொடுக்க ஆதாரம் வேண்டும். "அண்ணாச்சி கேட்டார், கையில் கொடுத்தேன்" என்றால் எதுவும் நிற்காது. வட்டியானாலும் அசலானாலும் வங்கி வழியாகவே கட்டுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் நோட்டில் தேதி, தொகை, கையெழுத்து வாங்குங்கள்.

எழுதாத புரோநோட், தொகை போடாத செக், ஏடிஎம் கார்டு, அசல் மார்க் ஷீட் இந்த நான்கையும் யாருக்கும் ஈடாகக் கொடுக்காதீர்கள். வெற்றுப் புரோநோட்டில் நீங்கள் வாங்கிய 10,000 ஒரு லட்சமாக எழுதப்படும். செக் பவுன்ஸ் வழக்கு உங்கள் மேல் திரும்பும். வழக்கு நோட்டீஸ் வந்தால் பயந்து ஒதுக்கி வைக்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. எண் 15100.

கடனில் தவிக்கும் பையன்களைத் தேடி வரும் இன்னொன்று இவை எல்லாவற்றையும்விட மோசம். "உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி பாஸ்புக்கு, ஏடிஎம், சிம்மைக் கொடுடே, மாசம் அஞ்சாயிரம்" என்பார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடும். முடங்குவது உங்கள் கணக்கு, வேறு மாநிலப் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. வேலைக்கான சரிபார்ப்பிலும் அந்த வழக்கு குறுக்கே நிற்கும். நண்பனுக்காக உங்கள் ஆதாரில் போன் தவணை போட்டுக் கொடுப்பதும் வேண்டாம். அவன் கட்டாத மாதம் கெடுவது உங்கள் சிபில், அதே சிபிலைத்தான் நாளை கல்விக்கடனுக்குப் பார்ப்பார்கள்.

மாலை நேர வேலையில் வரும் ஆறேழாயிரத்தை வைத்துப் பல கடனைச் சமாளிக்க வேண்டியிருந்தால், அதிகம் சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அது தவறான வரிசை. தேர்வுக் கட்டணம் முதலில். அது போனால் ஒரு செமஸ்டரே போகும். அடுத்து வங்கி, பதிவுபெற்ற நிறுவனத் தவணை. அதன்பின் ஏலத்துக்குப் போகும் நிலையிலுள்ள நகையின் வட்டி. தண்டலும் கைமாற்றும் அதற்குப் பிறகு. தவணைத் தேதிக்கு முந்தின நாள் கணக்கில் பணம் இல்லையென்றால் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஆட்டோ டெபிட் திரும்பினால் வங்கி ஒரு சார்ஜ், நிறுவனம் ஒரு சார்ஜ், இரண்டுக்கும் ஜிஎஸ்டி. வசூல் ஏஜென்ட் காலை 8-க்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதி.

அம்மா பெயரில் இன்னொரு குழு லோன் எடுத்துப் பீஸ் கட்டும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டினால் நுண்கடன் நிறுவனம் புதிதாகக் கொடுக்கக் கூடாது. கொடுக்கிறார்கள் என்றால் வருமானத்தைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பேப்பரை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

கடனுக்குப் போகும் முன் உரியதை வாங்கிவிடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் பலர் தவறவிடுவது பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகை: தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 வரை. தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் விண்ணப்பிக்கலாம். அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். ஆதார் இணைந்த கணக்கு செயல்பாட்டில் இல்லாததால் திரும்பிப் போகும் தொகைகள் உண்டு, அதை முதலிலேயே கிளையில் சரிபாருங்கள். கல்லூரியிடம் பீஸைத் தவணையாகக் கட்ட எழுத்தில் கேளுங்கள். பீஸ் பாக்கிக்காக அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதை பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 அறிவிப்பு தடுக்கிறது.

ஒரு கடன் முடிந்ததும் "நிலுவை இல்லை" கடிதமும், கொடுத்திருந்தால் புரோநோட்டும் கையோடு வாங்கிவிடுங்கள். நிறுவனம் "செட்டில்மென்ட்டுக்கு வாங்க, பாதி கட்டினால் போதும்" என்றால், சிபிலில் அது "செட்டில்டு" என்று பதிவாகும், "க்ளோஸ்டு" என்று ஆகாது. அடுத்த கடனுக்கு அது தடை. இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயரில் யாராவது கடன் எடுத்திருந்தாலும் அதில் தெரிந்துவிடும். அப்படி ஏதாவது இருந்தால் அந்தத் தளத்திலேயே மறுப்புப் பதிந்து, சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள்.