தில்லானாவா, கரகமா?

பொங்கலுக்கு மதுரை வீட்டில் ஆள் கூடினால் எந்தப் படம் உசத்தி என்ற சண்டை உறுதி. அப்பத்தாவுக்கு 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’. சித்தப்பாவுக்கு 1989-இன் ‘கரகாட்டக்காரன்’.

கதை ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு கலைஞர்கள், போட்டி, காதல். கரகாட்டக்காரனுக்கு இளையராஜா பாட்டும் கவுண்டமணி, செந்தில் வாழைப்பழமும் போதும். வசனத்தைப் பொடிசுகள் முந்திக்கொண்டு சொல்லும். மதுரையில் அந்தப் படம் ஓடிய ஓட்டத்தைச் சித்தப்பா நாலு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார்.

என் ஓட்டு தில்லானாவுக்கு. சிவாஜி வாசிப்பதாகத் தெரியும் நாதஸ்வரம் உண்மையில் நம்ம மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. சிவாஜி கன்னம் உப்புவதையும் விரல் ஓடுவதையும் பார்த்தால் அதை நம்பவே தோன்றாது. ‘நலந்தானா’ வந்ததும் அப்பத்தா வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிடும். பத்மினி ஆடிக்கொண்டே சிவாஜியின் காயத்தை விசாரிக்கிறார். கூடவே தவில்காரர் பாலையாவின் முகம் போகும் போக்கைப் பாருங்கள்! அங்கே பேச்சுக்கு வேலையே இல்லை, ஊடலும் சமாதானமும் பாட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். கரகத்தில் பாட்டு முடிந்துதான் கதை மறுபடி நகரும்.

தில்லானாவின் நீளம்தான் வம்பு. பாதிப் படத்துக்குள் பொடிசுகள் பாயில் சுருண்டுவிடும். சித்தப்பாவும்தான்.