கார் நுழையாத ஒரு மைல்: லண்டன் லீ வேலி வெலோபார்க்கின் சாலைச் சுற்று

கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு, 2012 ஒலிம்பிக்கிற்காகக் கட்டிய வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தய உள்ளரங்கைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் மரப்பலகைச் சுவரையும் வளைந்த கூரையையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்தை ஒட்டி வெளியே ஓடும் ஒரு மைல் நீளத் தார்ப்பாதையை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. 2014 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இந்த வளாகத்தில் என்னைக் கேட்டால் அதிகப் பயன் தருவது அந்தப் பாதைதான். உள்ளரங்கின் 250 மீட்டர் மரத்தளத்தில் ஓட்டப் பயிற்சி பெற்றுத் தேற வேண்டும். சாலைச் சுற்றுக்கோ, ஓடும் நிலையில் ஒரு சைக்கிளும் ஹெல்மெட்டும் முன்பதிவும் இருந்தால் போதும். சைக்கிள் இல்லாதவர்கள் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்துக்கு ஒரு முன்கதை உண்டு. இதே பகுதியில் 1975 முதல் ஈஸ்ட்வே என்ற சுற்றுப்பாதை இருந்தது. லண்டன் சைக்கிள் கழகங்கள் பல தலைமுறைகளாகப் பந்தயம் ஓட்டிப் பழகிய களம் அது. ஒலிம்பிக் பூங்காவுக்காக 2006இல் அதை மூடியபோது, மாற்று இடம் கேட்டு ஓட்டுநர்கள் விடாமல் போராடியதன் பயனாக, ஹெய்னால்ட் அருகே ஹாக் ஹில் என்ற மேட்டில் 2 கிலோமீட்டர் பாதை 2008இல் திறக்கப்பட்டது. ஆக, இன்று கிழக்கு லண்டன்காரருக்கு இரண்டு சுற்றுகள் உள்ளன. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இரண்டுமே எட்டும் தூரம்தான்.

ஒரே பாதையில் பிள்ளைகளும் பந்தயக்காரர்களும் ஓட்ட வேண்டும் என்பதுதான் இத்தகைய பாதையை வடிவமைப்பவரின் உண்மையான தலைவலி. மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் பந்தயக் கூட்டம் 1.6 கிலோமீட்டர் சுற்றை இரண்டரை நிமிடத்துக்குள் முடித்துவிடும். மணிக்கு 15 கிலோமீட்டரில் ஓட்டும் புதியவருக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். இரு தரப்பையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டால், புதியவரை அந்தக் கூட்டம் ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை உரசிக் கடக்க நேரும். பாதையை எவ்வளவு அகலமாகப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது என்பதால், பந்தயம், கழகப் பயிற்சி, பொது ஓட்டம் என்று நேரத்தைப் பிரித்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே இரவு விளக்குகள் இருப்பதால் அப்படிப் பிரிப்பது எளிதாகிறது. லண்டன் குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். விளக்கில்லாத பாதை வேலைக்குப் போகிறவருக்கு ஆண்டில் பாதி நாள் இல்லாததற்குச் சமம்.

வளைவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 25 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவை மணிக்கு 40 கிலோமீட்டரில் கடப்பவர் சுமார் 27 பாகை சாய்ந்தாக வேண்டும்; காய்ந்த தாரில் அது சாதாரணம், ஈரத்தில் டயரின் பிடிப்பு எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே, நல்ல சுற்றில் வளைவின் முடிவு முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிய வேண்டும். தவறுகிறவர் போய் விழும் பக்கத்தில் கம்பமோ கல்லோ இல்லாமல் புல்தரை இருக்க வேண்டும். இங்கே பாதை லீ ஆற்றைத் தாண்டிச் சென்று திரும்பவும் அதே ஆற்றைத் தாண்டி வருகிறது. பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது. பந்தயக் கூட்டம் பாலத்தை நெருங்குகையில் முன்னுக்கு வரத் துடிப்பவர்களின் முழங்கைகள் உரசுவதை ஓரத்தில் நின்றால் காணலாம். பந்தயம் பார்க்க வருகிறவர்கள் நிற்பதற்கு நான் பரிந்துரைக்கும் இடமும் அதுதான்.

குறை என்று சொன்னால், மேடு போதாது. பெரும்பாலும் சமதளமான பாதையில் பலமானவர் எவ்வளவு முயன்றாலும் கூட்டம் அவருடைய காற்று மறைவில் ஒட்டிக்கொண்டே வந்துவிடுவதால், முடிவு கடைசி வேக ஓட்டத்தில்தான் தெரிகிறது. ஹாக் ஹில்லில் கதையே வேறு: ‘ஹாகன்பெர்க்’ என்று ஓட்டுநர்கள் கேலியாக அழைக்கும் ஏற்றம் ஒவ்வொரு சுற்றிலும் கால்களைச் சோதித்து, சில சுற்றுகளிலேயே கூட்டத்தைக் கிழித்துப் போட்டுவிடும். பந்தயத்தின் தரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஹாக் ஹில்லுக்கே என் வாக்கு. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையையோ, நாற்பதைக் கடந்து முதன்முறையாகக் கியர் வண்டி ஏறுபவரையோ அந்த மேட்டுக்கு அழைத்துப் போனால், மறுவாரம் அவர்கள் வர மாட்டார்கள். பொதுச் சாலையில் கூட்டமாகப் பந்தயம் நடத்தக் காவல்துறை அனுமதி தேவைப்படும் நாட்டில், சிறுவர் பந்தயத்துக்கு மூடிய சுற்றுதான் கதி. அந்தப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ராட்ஃபோர்டின் சமதளமே சரி.

மற்ற வசதிகளில் குறை சொல்ல அதிகமில்லை. உணவகம் உண்டு, ரயில் நிலையம் பக்கம். வடக்கே ஏ12 நெடுஞ்சாலையின் இரைச்சல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வெலோட்ரோமின் மறைவிலிருந்து வெளியே வந்ததும் பக்கக்காற்று கைப்பிடியைத் தள்ளும். உயரமான சக்கர விளிம்பு மாட்டியவர்கள் அங்கே இரண்டு கையையும் எடுக்காமல் இருப்பது நல்லது. பந்தய நாள்களில் பொது ஓட்டம் இருக்காது என்பதால் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஜனவரிக் காலைகளில் போகிறவர்கள் முதல் சுற்றை மெதுவாக ஓட்டுவது அவசியம்: அடியிலும் காற்றோடுவதால், மற்ற இடங்களில் தார் காய்ந்திருந்தாலும் பாலங்களின் மேல் உறைபனி முந்திப் படிந்துவிடும்.