அசெரெராக்: முகம் காட்டாமலே மிரட்டும் வில்லன்

பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்புக்கு 2017-இல் வந்த 'டூம் ஆஃப் அனிஹிலேஷன்' சாகசத்தை எங்கள் குழுவுக்கு நடத்தி முடித்தாயிற்று. வில்லன் அசெரெராக். செத்தும் சாகாத மந்திரவாதி, அதாவது லிச். 1978-இல் அச்சான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற பழைய சாகசத்தின் காலத்து ஆள். அதில் பச்சைப் பிசாசு முகத்தின் வாய்க்குள் எது போனாலும் இல்லாமல் போகும்படி பொறி வைத்த புண்ணியவான் இவன்தான்.

இந்தமுறை அவனுடைய அக்கிரமம் இன்னும் பெரிது. சோல்மங்கர் என்ற கருவியால் இறந்தவர்களின் ஆன்மாக்களைப் பிடித்து வைக்கிறான். யாரையும் உயிர்ப்பிக்க முடியாது. முன்பு எப்போதோ உயிர்த்தெழுந்தவர்களும் நாளுக்கு ஒரு ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) வீதம் தேய்கிறார்கள். 'செத்தால் என்ன, கிளெரிக் (பூசாரி) எழுப்பிவிடுவார்' என்று முன்பின் பார்க்காமல் குதிக்கிற என் ஆட்டக்காரர்கள், ஒரு கதவைத் திறப்பதா வேண்டாமா என்று பேசியே இரவைக் கழித்தார்கள். வில்லன் இன்னும் தலைகூடக் காட்டவில்லை!

குறையும் அங்கேதான். கதை நடக்கும் சுல்ட் காட்டில் அலைகிற வரை அவன் பேச்சே பெரிதாக அடிபடாது. கடைசி அறையில் வந்து நிற்கும்போது 'இவன் யாருப்பா?' என்று கேட்பார்கள். கதை போய் முடியும் கல்லறையின் வாசலில் அவன் பெயரோடு மிரட்டலும் விடுகதையுமாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதே திமிரில் சில வரிகளை எழுதி, வழியில் வரும் இடிபாடுகளிலேயே செதுக்கி வையுங்கள். நான் வைத்தேன். கோபம் நன்றாக ஊறியது.

கடைசிச் சண்டையில், வீரர்களுக்குள் புகுந்திருக்கும் குட்டித் தெய்வங்கள் ஒவ்வொரு சுற்றிலும் 50 தற்காலிக ஹிட் பாயின்ட் தருகின்றன. தாராளம்தான். ஆனால் அசெரெராக்கிடம் பவர் வேர்ட் கில் என்ற கொல்லும் மந்திரம் இருக்கிறது. 100 ஹிட் பாயின்டோ அதற்குக் கீழோ இருந்தால் ஆள் காலி; பகடை உருட்டவும் வாய்ப்பில்லை. தற்காலிகப் புள்ளிகள் இந்தக் கணக்கில் சேராது. அந்த லெவலில் பெரும்பாலோர் நூறைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அநியாயம்தான், எனக்குப் பிடித்திருந்தது.

முதன்முதலாக டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆகிறவர்கள் இதில் தொடங்க வேண்டாம். கல்லறைக்கு ஆறு தளங்கள். ஐந்தாவதில் ராட்சதப் பல்சக்கரங்கள் சுழன்று வழியையே மாற்றிவிடும். அந்த வரைபடத்தை மட்டும் நகலெடுத்து, சக்கரங்களைத் தனித்தனியாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.