முதுகில் பேனல் ஒட்டிய பவர் பேங்க் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மழைக்காலம் நெருங்கினாலே ஃபேஸ்புக்கில் இந்த விளம்பரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. 50000 எம்ஏஎச் (பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்கிற அளவு) சோலார் பவர் பேங்க், வெயிலில் வைத்தால் போதும், கரண்டே வேண்டாம் என்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்த எங்கள் வேளச்சேரிப் பக்கத்தில் இதைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத்தான் தோன்றும். எனக்கொன்று, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கொன்று என்று வாங்கினேன். இரண்டுமே ஏமாற்று.

நாள் முழுக்க மொட்டைமாடி வெயிலில் வைத்தும் அம்மாவின் போனில் சில சதவீதம்தான் ஏறியது. பச்சை விளக்கு மட்டும் ஜோராக எரியும். அது டியூப்லைட் வெளிச்சத்திலும் எரிகிறது! விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால், "சோலார் அவசரத்துக்கு மட்டும்தான் சார், நீங்க பிளக்ல போட்டு சார்ஜ் பண்ணுங்க" என்கிறார்கள். கரண்ட் இல்லாததுதானே அவசரம்? பிளக்கில் போட்டு நிரப்பியும் இரண்டு முறைக்கு மேல் போன் ஏறவில்லை.

கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் விழும். 15க்கு 8 சென்டிமீட்டர் பேனலுக்குக் கிடைப்பது 12 வாட். நல்ல பேனலே அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். இரண்டரை வாட்கூட வராது. 50000 எம்ஏஎச் என்பது, லித்தியம் பேட்டரியின் 3.7 வோல்ட்டில், 185 வாட்-மணி, அதாவது 185 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு மின்சாரம். ஒரு துளி வீணாகாமல் ஏறினாலும் 75 மணி நேரத்துக்கு மேல் உச்சி வெயில் வேண்டும். புயல் நாளில் அந்த வெயிலுக்கு எங்கே போவது?

50000 என்பதே பொய். நல்ல 10000 எம்ஏஎச் பவர் பேங்கே 200 கிராம் சுமாருக்கு இருக்கும். இதை மளிகைக்கடைத் தராசில் வைத்தால் 300 கிராமைத் தொடவில்லை. விளம்பரத்தில் ஒருவர் இதோடு விமானம் ஏறுகிறார். நிஜமாகவே 185 வாட்-மணி இருந்தால் விமானத்தில் விடவே மாட்டார்கள். 100ஐத் தாண்டினாலே விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160க்கு மேல் அறவே கிடையாது.

எனக்கு அதிகம் கோபம் வந்தது வேறொன்றில். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் செய்யக் கூடாது. கறுப்புப் பெட்டியைச் சித்திரை வெயிலில், கொதிக்கும் தளத்தில் வைக்கச் சொல்லியே விற்கிறார்கள். அம்மாவிடம் இருந்தது உப்பிவிட்டது. அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பணத்தைக் கேட்டால் ஏழு நாள் கெடு முடிந்தது என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு பாதித் தொகைக்குக் கூப்பன் தருவதாக இறங்கி வந்தார்கள். மறுத்துவிட்டேன், முழுப் பணம் வரும்வரை விடப்போவதில்லை.

வெயிலில்தான் சார்ஜ் ஆகவேண்டும் என்பவர்கள் பேனலையும் பவர் பேங்கையும் தனித்தனியாக வாங்குங்கள். யுஎஸ்பி உள்ள 20 வாட் மடிப்புப் பேனல் வெயிலில் இருக்கட்டும், பவர் பேங்க் நிழலில் இருக்கட்டும். பவர் பேங்கில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' (R) என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என் பெட்டியில் இரண்டுமே இல்லை. உங்கள் வீட்டில் உப்பியது ஏதாவது கிடந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.