300 டிடியின் பின்பக்கம்: ஐந்து வருட அனுபவம்

போன வாரம் இரவு கொக்கட்டிச்சோலையிலிருந்து என் பழைய மெர்சிடிஸில் ஐந்து மூட்டை நெல் ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் வந்தேன். எதிரே வந்தவர்களில் ஒருவர்கூட எனக்கு லைட் அடித்துக் காட்டவில்லை. முன்பெல்லாம் இதே சுமையோடு வந்தால் பின்பக்கம் அமுங்கி, முன் விளக்கு இரண்டும் ஆட்களின் கண்ணுக்கு நேரே அடிக்கும். ஆரையம்பதி வருவதற்குள் எத்தனையோ பேர் லைட் அடித்து ஏசிவிட்டுப் போவார்கள்.

வண்டி 1982ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 டிடி. டபிள்யூ 123 வரிசையின் ஸ்டேஷன் வகன், ஐந்து சிலிண்டர் டீசல். 1977இல் பிராங்க்பேர்ட் கண்காட்சியில் காட்டி, அடுத்த வருடம் விற்பனைக்கு விட்ட மாடல் இது. கார் மாடலில் பின் சமநிலை சஸ்பென்ஷன் விரும்பினால் மட்டும்தான். வகனில் எல்லாவற்றுக்கும் போட்டே அனுப்பினார்கள். டிக்கி நிறையச் சுமை ஏற்றினாலும் வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

நம் பக்கத்தில் இதையும் 'எயார் சஸ்பென்ஷன்' என்றுதான் சொல்வார்கள். உண்மையான காற்றுப் பைகள் இருந்தது 300 எஸ்இஎல் 6.3 போன்ற அறுபதுகளின் பெரிய பென்ஸ்களில். இதில் இருப்பது ஒயிலும் நைதரசனும். எஞ்சினோடு சுற்றும் ஒரு பம்ப் டேங்கிலிருந்து ஒயிலை இழுத்துப் பின்னால் அனுப்பும். பின் அச்சுப் பக்கம் ஒரு வால்வு. அதன் கையை ஒரு சின்னக் கம்பி ஸ்டெபிலைசர் பாரோடு (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் தண்டு) இணைக்கிறது. பின்பக்கம் இறங்கினால் கம்பி வால்வைத் திருப்பும், ஒயில் ஷொக்குகளுக்குள் (ஷொக் அப்சோபர்களுக்குள்) போகும், வண்டி எழும்பும். சுமையை இறக்கினால் ஒயில் டேங்குக்குத் திரும்பும். கம்பியூட்டரும் இல்லை, சென்சரும் இல்லை. ஒயிலை அமுக்க முடியாது என்பதால், ஒவ்வொரு பக்கமும் ஒரு காஸ் குண்டு இருக்கிறது. அதற்குள் ரப்பர் தோலுக்கு அந்தப் பக்கம் நைதரசன். குழியில் விழும்போது அமுங்கிக் கொடுப்பது அதுதான். சாதாரண ஸ்பிரிங்கும் கூடவே இருக்கிறது, ஆனால் பாரத்தின் ஒரு பங்கை ஒயில் தாங்கும் என்று கணக்கிட்டு மென்மையாகச் செய்த ஸ்பிரிங்.

2019இல் நான் வாங்கும்போது ஒயில் டேங்க் காய்ந்து கிடந்தது. மட்டக்களப்பு டவுனில் காட்டிய முதல் கராச்சில், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உயரமான ஸ்பிரிங்கும் சாதாரண ஷொக்கும் போடலாம் என்றார்கள். அரை மனதோடு சம்மதிக்கும் நிலையில்தான் கல்முனையில் ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம்) போனேன். சவூதியில் பல வருடம் டீசல் பென்ஸ்களில் வேலை செய்தவர். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பிச் சொன்னார்: "தம்பி, இதக் கழட்ட ஒரு நாள் காணும். மறுகா வேணுமெண்டா எங்க தேடுவீங்க?"

அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

ஒயில் ஊற்றி ஸ்டார்ட் பண்ணியதும் பின்பக்கம் எழும்பியது. சந்தோஷம் ஊறணி வரைதான். ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் இடித்தது. பின் பம்பரை இரண்டு பேர் சேர்ந்து அழுத்தியும் அசையவில்லை. குண்டுகளில் காஸ் இல்லை என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டியதில்லை. பழைய ஷொக்கைப் போல ஆடுவதில்லை, கல்லாகிவிடுகிறது. பலர் இதை வேறு கோளாறு என்று நினைத்து ஷொக்கை மாற்றிப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

அப்போது நான் செய்த பிழையை வாங்கப்போகிறவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த இரண்டு குண்டுகளை, 'நல்ல கண்டிஷன்' என்ற பேச்சை நம்பிக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். நான்கே மாதம். பிறகும் அதே இடி. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த ரப்பர் தோலுக்கு வயது போகும், நைதரசன் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். முப்பது வருடத்துக் குண்டு எந்த வண்டியிலிருந்து வந்தாலும் முப்பது வருடத்துக் குண்டுதான். கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பென்ஸ் சாமான் எடுப்பித்துத் தருகிற ஒருவரிடம் புதிய குண்டு இரண்டுக்குச் சொல்லிவைத்து, மூன்று மாதம் காத்திருந்தேன். மற்ற எல்லாச் செலவையும் கூட்டினாலும் இந்த இரண்டு குண்டின் விலைக்கு வராது. இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

காத்திருந்த காலத்தில் இன்னொரு புதிர். டேங்கில் ஒயில் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. காக்கா எஞ்சின் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்க்கச் சொன்னார். அளவு கூடியிருந்தது! இந்த பம்ப் எஞ்சினின் முன்பக்கம், கேம் சாஃப்டோடு சேர்ந்து ஓடுகிறது. அதன் ஒயில் சீல் போனால் சஸ்பென்ஷன் ஒயில் எஞ்சினுக்குள் இறங்கிவிடும். சீல் மாற்றி, எஞ்சின் ஒயிலையும் மாற்றினோம். கீழே கசிவு இல்லையென்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்தக் கம்பியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிறோம், உப்புக்காற்று இரும்பை விடாது. பின்னால் போகும் குழாய் ஒன்று, கிளிப் பிடித்திருந்த இடத்தில் உள்ளே அரித்து மெல்லிய தகடாகியிருந்தது. அளவெடுத்துப் புதிதாக வளைத்துப் போட்டோம். இந்த வேலைக்கு முன்பு வால்வில் உள்ள பிளீட் திருகில் ஹோஸ் மாட்டி அழுத்தத்தை முழுவதும் வெளியேற்ற வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தாமல் இதைச் செய்யவே கூடாது, திருகு திறந்ததும் பின்பக்கம் கீழே வரும்.

ஒயில் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மெர்சிடிஸ் 343.0 என்று போட்ட ஹைட்ரோலிக் ஒயில்தான். கியர் பெட்டி ஒயிலை ஊற்றலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், சீல்களை நினைத்து நான் ஊற்றவில்லை.

2021 மார்ச்சில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு 41,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. பொத்துவில் வரைக்கும் குடும்பத்தோடு பலமுறை, செங்கலடியால் திரும்பிப் பதுளைக்கு மூன்று முறை, மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவுகளில் ஆறு பேரும் பெட்டிகளுமாக ஒரு முறை. அந்த ஏற்றத்தில் 88 குதிரைவலு எஞ்சின் மூச்சு வாங்கியது உண்மை. ஆனால் வளைவுகளில் பின்பக்கம் சரியவில்லை, பின்னால் இருந்த அம்மாவுக்குத் தலை சுற்றவும் இல்லை. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

2022இல் எரிபொருளை கியூஆர் கோட்டாவில் தந்த காலத்தில் வண்டி பெரும்பாலும் நின்றது. மூன்று கிழமை நின்றால் பின்பக்கம் இரண்டு விரல் இறங்கியிருக்கும், ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் பழைய உயரத்துக்கு வந்துவிடும். அந்த உயரத்தைச் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து கராச் சுவரில் எழுதிவைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை வெறும் வண்டியில் அளப்பேன். மாறியிருந்தால் முதலில் பார்ப்பது வால்வின் அந்தச் சின்னக் கம்பியை. இதுவரை மாறியிருந்த இரண்டு முறையும் பிழை அங்கேதான், மூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது.

பம்பும் வால்வும் ஷொக்கும் எல்லாமே போன வண்டி கைக்கு வந்தால் ஸ்பிரிங் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படிப் போடுவதானால் தடித்த ஸ்பிரிங்கே போடுங்கள், இருக்கிற ஸ்பிரிங்கில் ஷொக்கை மட்டும் மாற்றினால் நெல் மூட்டை ஏற்றிய அன்றே வண்டி உட்கார்ந்துவிடும். மற்ற எல்லோரும் ஒயில், டேங்கின் வடிகட்டி, வால்வின் சின்னக் கம்பி, குண்டு என்ற வரிசையில் பாருங்கள்.

இப்போது இடது ஷொக்கின் மேல் மூட்டில் லேசான ஈரம் தெரிகிறது. மாரி தொடங்குமுன் கல்முனைக்குக் கொண்டுபோக வேண்டும், காக்காவிடம் சொல்லிவைத்துவிட்டேன்.