முன்பல் கேப்: ஷேட் நம்பரா, போட்டோவா?

பல் டாக்டர்களான எங்கள் தொழிலில் ஆறு முன்பல்லுக்குச் சேர்த்து கேப் போடுவதைவிட ஒற்றைப் பல்லுக்குப் போடுவதுதான் கஷ்டம். ஆறும் புதுசென்றால் எல்லாம் ஒரே நிறத்தில் வந்துவிடும். ஒன்று மட்டும் என்றால் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போக வேண்டும். அந்தப் பல்லைப் பார்ப்பது நான்; கேப்பைச் செய்கிறவர் அடுத்த ஊர் லேபில் உட்கார்ந்திருக்கிறார்.

பெரும்பாலான கிளினிக்குகளில் இன்றும் நடப்பது லேப் ஸ்லிப்தான், அதாவது ஷேட் (பல்லின் நிறம்) நம்பரை எழுதி லேபுக்கு அனுப்பும் சீட்டு. வீட்டா கிளாசிக்கல் என்ற ஷேட் கைடில் ஏ1 முதல் டி4 வரை 16 டேப் (பல் வடிவ நிற மாதிரி) இருக்கும். பொருந்துவதைப் பார்த்து எழுதிவிட்டால் அரை நிமிட வேலை. நானும் பல வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

என்னை மாற்றியது ஒரு டீச்சரின் மேல் முன்பல். தருமபுரிப் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே 2013இல்தான். அதற்கு முன் அங்கே வளர்ந்த பலரின் பல்லில் ஃபுளோரைடால் வந்த வெண்திட்டும் பழுப்புக் கோடும் இருக்கும். "பக்கத்துப் பல் மாதிரியே இருக்கணும் சார், புதுப் பல்லுன்னு தெரியக்கூடாது" என்றார். நான் ஸ்லிப்பில் ஏ3 என்று எழுதி அனுப்பினேன். வந்ததும் அச்சு அசல் ஏ3. ஒரு திட்டு கிடையாது, ஒரு கோடு கிடையாது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. லேபில் தப்பில்லை, வெண்திட்டுக்கு அந்த 16 டேப்பில் ஏது நம்பர்?

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். பல்லைச் சீவி முடித்த பிறகு ஷேட் எடுத்தேன். வாயை அரைமணி நேரம் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துத் தெரியும். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

கேப்பைத் திரும்பச் செய்யக் கொடுத்தபோது, பக்கத்துப் பல்லோடு டேப்பையும் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். லேபில் கேப் செய்யும் செராமிக் அண்ணன் உடனே போன் செய்தார். "டாக்டர், டேப் பல்லைவிட முன்னாடி நிக்குது, அதான் வெளுப்பா தெரியுது. பல்லு நுனியும் டேப் நுனியும் முட்டுற மாதிரி ஒரே மட்டத்துல வெச்சு எடுங்க, நம்பரும் தெரியட்டும்." அதன்பின் ஒரு பழக்கம் வந்துவிட்டது. லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிடுவேன். பட்டுச்சேலை என்றால் மேலே சாம்பல் நிறத் துணி. போனைக் கிட்டே கொண்டுபோகாமல் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அமுங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புவேன். சீவிய பிறகு அடிப்பல்லின் நிறத்துக்கும் ஒரு படம். வேர் சிகிச்சை செய்து கறுத்த பல் என்றால் ஈமேக்ஸ் என்ற, ஒளி ஊடுருவும் செராமிக் கேப்புக்குள்ளிருந்து அந்தக் கறுப்பு எட்டிப் பார்க்கும்.

இவ்வளவு மெனக்கெடுவது ரீமேக்குக்கு, அதாவது கேப்பை மறுபடி செய்வதற்குப் பயந்துதான். நம்பர் மட்டும் எழுதிய கேஸ் திரும்பிப் போனால், "நீங்க எழுதினதைத்தானே செஞ்சோம்" என்பார் லேபில். "வாயில வெச்சா ஒத்துப்போகலையே" என்பேன் நான். இரண்டுமே உண்மை, எங்கே தப்பு என்று காட்ட எதுவும் இருக்காது. அடுத்த தடவை ஏ3க்குப் பதில் ஏ2 எழுதிக் குருட்டாம்போக்கில் ஓட்டுவோம். இடையில் நோயாளி இன்னொரு நாள் லீவு போட்டு, பஸ் ஏறி, தற்காலிக கேப்போடு வந்து நிற்பார். போட்டோ இருந்தால் ட்ரைஇன் (ஒட்டுவதற்கு முன் வாயில் வைத்துப் பார்ப்பது) படத்தைப் பழைய படத்தோடு வைத்துப் பார்க்கலாம். வெளுப்பு கூடியதா, திட்டு இடம் மாறியதா என்று இரண்டு பேருக்கும் தெரியும். யார் செலவு என்பதும் சண்டையில்லாமல் முடியும். அண்ணன் ராத்திரி பத்து மணிக்கு செராமிக் ஏற்றும்போதும் அந்தப் படம் மேஜையில் இருக்கிறது. என் கையெழுத்து மட்டும் இருந்து என்ன பயன்?

நோயாளியையே லேபுக்கு அனுப்பும் வழியும் உண்டு. இரண்டு பேரை அனுப்பினேன், இரண்டும் பிரமாதமாக வந்தன. இரண்டை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு பல்லுக்காக ஊர் விட்டு ஊர் போகச் சொல்ல எல்லோரிடமும் வாய் வராது.

ஷேட் அளக்கும் மெஷினை நண்பரிடம் ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். பல்லில் தொட்டால் நம்பர் சொல்கிறது, என் கண்ணைவிட நிதானமாகவே சொல்கிறது. திட்டு எங்கே, கோடு எங்கே என்பதற்கு மறுபடி போட்டோதான் தேவைப்பட்டது. வருஷக்கணக்கில் வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

டீச்சருக்குப் போட்ட இரண்டாவது கேப்பில் வெண்திட்டு ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கித்தான் இருக்கிறது. அவர் கவனிக்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் இன்னமும் ஸ்லிப்பில் வெறும் ஏ3தான். அதற்கும் போட்டோ அனுப்பினால் அண்ணன் திட்டுவார்.